கள்விடுத்தாரைக் கைவிடற்க

திருச்சிற்றம்பலம்

உயிர்களெல்லாம் பாசத்திற் கட்டுண்டு கிடத்தலும், அக்கட்டினை அவிழ்த்தற்பொருட்டே இறைவன் ஐந்தொழில் இயற்றியருளுதலும் சைவ நன்மக்கள் யாவரும் நன்குணர்ந்தனவே. அங்ஙனம் உணர்ந்த நம்மவர், தம் கண்ணெதிரே ஒருவன் ஒரு கட்டினை அறுத்துக்கொண்டு வெளியேற முயலுங்கால் அவனுக்குச் செய்யும் உதவி எத்தகையது என்று ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாம். ஈண்டுக் கட்டென்றது மதுப்பழக்கத்தை. மது தீதென்று நாட்டுதற்கு யாம் எழுத வந்திலேம். அதனைத் திருவள்ளுவனார் ஓரதிகாரத்தானும், திருமூலநாயனார் முதற்றந்திரத்துத் தனித் தலைப்பானும் விளக்கிப் போந்தனர். நூல்கள் அதனை மாபாதகங்களுள் ஒன்றாக வைத்து விலக்கின. குடிப்பவனும் அது தீதென்பதை நம்மினும் நன்கறிவான். அதனை விடத் துணிந்தவனுக்கு நம்மவர் சொல்லும் மொழிகளுட் சில அவன் உயிருக்கே உலைவைப்பன என்பதைக் காட்டுதற்கே யாம் எழுதப் புகுந்தோம்.

அம்மொழிகள் மூன்று. ஒன்று: "திருமுன் நின்று சூளுரைத்து அன்றே அடியோடு நிறுத்துக; மனவுறுதியொன்றே போதும்; மருந்தும் மருத்துவனும் வேண்டா" என்பது. இரண்டு: "குடித்தல் அவன் வினை, அது கழியுங்காறும் நாம் செய்யக்கடவது யாதுமில்லை" என்பது. மூன்று: "சூளுரைத்துத் தவறினான் சிவத்துரோகி; அவன் திருக்கோயிலினும் அடியார் கூட்டத்தினும் புகற்பாலனல்லன்" என்பது. இவை பத்தியின் உடை உடுத்து வருதலின், கேட்போர் இவற்றைச் சமயநெறி என்றே கொள்கின்றனர். இவை மூன்றும் சைவசித்தாந்தத்துக்கு மாறானவை என்பதை முறையே காட்டுவாம்.

முதற்கண், மதுவை நெடுநாள் மிகுதியாக உண்டவன் அதனை ஒருநாளில் நிறுத்துவானாயின் அவன் உடம்பில் நிகழ்வது யாதெனக் காண்பாம். மது மூளையின் எழுச்சியைத் தணிக்கும் இயல்பிற்று. நாடோறும் அத்தணிப்புக்கு ஆட்பட்ட மூளை, தன் தொழில் கெடாதிருத்தற்பொருட்டுத் தன் எழுச்சியைத் தானே மிகுவித்து ஒருவகைச் சமன் எய்தி நிற்கும். துலாக்கோலின் ஒரு தட்டிற் கல்லை வைக்க வைக்க மற்றைத் தட்டிலும் எதிர்க்கல் ஏற்றி நிறுத்தினாற் போல்வது அது. ஒரு தட்டின் கற்களை ஒருங்கே எடுத்துவிடின் மற்றைத் தட்டு நிலத்தில் மோதுமன்றோ? மதுவைத் திடீரென நிறுத்தியவழி மூளையில் நிகழ்வதும் அத்தகைய மோதலேயாம்.

கடைசியாக உண்டதன்பின் 6 முதல் 8 மணி நேரத்தில் கைந்நடுக்கம், வியர்வை, குமட்டல், நெஞ்சப் படபடப்பு, உறக்கமின்மை என்பன தோன்றும். 48 மணி நேரத்துக்குள் சிலர்க்கு வலிப்பு வரும். சிலர்க்கு இல்லாத பூச்சியும் பாம்பும் கண்ணிற்றோன்றும். பேசுவாரின்றியே குரல் செவியிற் கேட்கும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே, இத்துன்பப்பட்டார் நூற்றுவருள் ஐவரளவினர்க்கு, இடமும் காலமும் ஆளும் அறியாத கொடுஞ்சன்னி எழும்; உடல் கொதிக்கும்; நாடி விரையும்; கட்டிலில் நில்லாது எழுந்தோடுவர். இதற்கு 'டெலிரியம் ட்ரெமன்ஸ்' எனப் பெயரிட்டுத் தாமஸ் சட்டன் என்னும் ஆங்கில மருத்துவர் 1813ஆம் ஆண்டில் நூலெழுதினர். இது குடித்தலால் வருவதோ குடியை நிறுத்தலால் வருவதோ என்று மருத்துவர்தாமும் அதன்பின் நெடுங்காலம் வழக்கிட்டனர். 1955இல் அமெரிக்காவில் ஹாரிஸ் இஸ்பெல் முதலியோர் வெளியிட்ட ஆராய்ச்சி, நிறுத்தலால் வருவதே அது என நிலைநாட்டிற்று. தக்க மருந்து காணாத நாளில் இச்சன்னிப்பட்டாருள் மூவரில் ஒருவர் வரையும் இறந்ததுண்டு. இந்நாளில் உரிய காலத்து மருத்துவம் பெற்றாருள் இறப்போர் நூற்றுக்கு ஐவரினும் குறைவே. இவ்விரண்டு தொகைக்கும் இடையே நிற்கும் உயிர்களை எண்ணிப் பார்த்தபின், மருத்துவன் வேண்டா என்பார் தம் வாயைத் திறப்பாராக.

குடித்தார் யாவர்க்கும் இத்துணைத் துன்பமும் வருமென்று கொள்ளற்க. சிறிதளவே உண்டு வந்தார் பலர் சிலநாள் நடுக்கத்தோடும் உறக்கமின்மையோடும் இதனைக் கடப்பர். நாடோறும் மிகுதியாக உண்டு வந்தார், விடியலிற் கைநடுங்கி எழுந்து அந்நடுக்கந் தீர்தற்கே மீண்டும் குடிப்பார், முன்னர் நிறுத்தியபொழுது வலிப்போ சன்னியோ உற்றார், ஈரல்நோயுடையார் ஆகிய இவர் மருத்துவனின்றி நிறுத்துதல் தகாது. மருத்துவர் இவர்க்கு டயசெபாம், குளோர்டயசெபாக்சைடு முதலிய மருந்துகளை அளவறிந்து கொடுத்துச் சில நாளிற் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவர். அம்மருந்துகளும் பழகிப் பற்றிக்கொள்ளும் இயல்பினவாகலின், அவற்றைக் கடையில் தாமே வாங்கி உண்ணல் ஒரு கட்டை விட்டு மற்றொரு கட்டிற் புகுதலாம். இவற்றோடு தயமின் எனப்படும் வைட்டமின் பி1 கொடுப்பர். சோற்றை மறந்து மதுவே உணவாகக் கொண்டார்க்கு அச்சத்துக் குறைந்து, கண்ணசைவு பிறழ்ந்து, நடை தள்ளாடி, அறிவு மயங்கும் கேடு வரும். 1881இல் கார்ல் வெர்னிக்கே என்னும் ஜெர்மானிய மருத்துவர் விளக்கிய அக்கேடு உடனே தீர்க்கப்படாவழி நினைவாற்றலை என்றும் மீளாதபடி அழித்தலும் உண்டு.

இந்நிலையினனுக்கு நம்மவர் விதிப்பது யாது? உபவாசம்! கந்தசட்டியை நன்னாளென்று குறித்து, அன்று சூளுரைப்பித்து, ஆறு நாளும் உண்ணற்க என்பர். அவ்வாறு நாளுள் முதல் நான்கு நாளே அவன் உயிருக்கு இடர் மிக்க நாள்கள் என்பதை அவர் அறியார். உடம்பில் உப்பும் நீரும் உயிர்ச்சத்தும் வற்றிக் கிடப்பவனைப் பட்டினியிருக்கச் செய்தல் விரதமாகாது; கொலைக்கு உடன்படுதலேயாம்.

இதனை யாம் நூலிற் படித்ததனானே எழுதுகின்றோமல்லேம். சில ஆண்டுகட்கு முன் எம்மூர்த் திருக்கோயிலில் சட்டி விரதத் தொடக்கத்தன்று தச்சர் ஒருவர் திருமுன் நின்று சூளுரைத்தனர். அவருக்கு வயது நாற்பதுக்கு மேற்படாது. அவர்தம் மனைவியாரே அவரை எம்மிடம் அழைத்துவந்தனர். சூளுரைக்கும் வாசகத்தைச் சொல்லிக் கொடுத்தவன் யானே. ஆறு நாளும் சிறிது பாலன்றி யாதும் உண்ணற்க என்றவனும் யானே. அன்றிரவு கணவர் கைகள் நடுங்குதல் கண்டு அவ்வம்மையார் ஓடிவந்து வினவ, "உள்ளிருந்த கள் வெளியேறுகின்றது, அஞ்சற்க அம்மா" என்று திருநீறு கொடுத்து அனுப்பினேன். மறுநாளிரவு கூரையிற் பாம்புகள் தொங்குகின்றன என்று அவர் கூவினர். பேய் பிடித்ததென்று உறவினர் ஒருவனை அழைத்து வேப்பிலை அடிப்பித்தனர். மூன்றாம் நாள் வைகறையில் வலிப்பு வந்தது. மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியில் உயிர் நீங்கிற்று. அவர் சூள் தவறினாரல்லர், தவறியவன் யான். அவ்வம்மையார் இன்றுகாறும் என்னை ஒருசொற் கூறினாரல்லர். மேலே எழுதியவற்றையெல்லாம் அதன்பின்னரே மருத்துவரிடஞ் சென்று கேட்டறிந்தேன். முன்னரே கேளாமைக்கு என்பால் உள்ள விடை, இக்கட்டுரையில் யான் மறுக்கும் அம்முதல் மொழியேயாம்.

இது தனியொருவர்க்கு நேர்ந்த கேடென்று ஒதுக்கற்க. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள் முதல் நாடெங்கும் ஊரடங்கு ஏற்பட்டு மதுக்கடைகள் ஒருங்கே அடைபட்டன. குடியின் கேடு ஒரேநாளில் ஒழிந்ததென்று மகிழ்ந்தார் பலர். மகிழ்ந்தற்குரியதே. ஆயின் அந்நாட்களில், வலிப்பும் சன்னியுமாக மருத்துவமனைக்கு வந்தார் தொகை முன்னையினும் மிக்கதென்று பெங்களூர் மருத்துவர் பதிந்தனர். தமிழ்நாட்டிலோ, மது கிடையாமையின் வார்னீஷையும் சவரத்தின்பின் முகத்திற் பூசும் நீர்மத்தையும் குடித்து மாண்டாரும் உளர். சேலம் மாவட்டத்தில் 1937இலும், சென்னை மாகாண முழுதும் 1948இலும் வந்த மதுவிலக்கை நாம் போற்றுகின்றோம். 1971இல் அது தளர்ந்தமைக்கு வருந்துகின்றோம். கடையை அடைத்தல் நன்றே. கடையடைத்தார் மருத்துவமனையின் கதவைத் திறந்து வைத்தலும் அதனோடு ஒருங்கு நிகழற்பாலது என்பதே 2020ஆம் ஆண்டு நமக்குக் கற்பித்தது.

அற்றேல், ஆளுடைய அரசரது சூலை மருத்துவத்தால் தீராது சிவபிரான் திருவருளாற் றீர்ந்ததன்றோ? பாண்டியனது வெப்புநோய் திருநீற்றால் நீங்கியதன்றோ? திருநீலகண்டக் குயவனார் சூளொன்றனையே துணையாகக் கொண்டு இளமை முதல் முதுமை காறும் தவறாதிருந்தாரன்றோ எனின், கூறுதும். அரசர்க்கு வந்த சூலை, அவரை மீட்டு ஆட்கொள்ளுதற்பொருட்டு இறைவனே அருளியது. பாண்டியனுக்கு நீறு பூசியவர் ஞானப்பாலுண்ட பிள்ளையார். நம் கையிலுள்ளதும் அந்நீறே. ஆயின் அக்கை பிள்ளையார் கையன்று. குயவனார் விடுத்ததோ, விடுதலால் உடம்பை வலிப்பில் ஆழ்த்தும் பொருளன்று. திருநீற்றின் ஆற்றலை யாம் மறுக்கின்றிலேம். அதனை நெற்றியில் அணிந்துகொண்டே மருத்துவனிடஞ் செல்லுதல் அதற்கு இழுக்காமாறு யாங்ஙனம் என்றே வினவுகின்றோம். பசி தீர்ப்பவன் இறைவன் என்றறிந்தும் உலையேற்றுகின்றோமன்றோ? புள்ளிருக்குவேளூரில் எம்பெருமான் வைத்தியநாதன் என்னுந் திருநாமம் பூண்டு வீற்றிருக்கின்றனன். மருத்துவத்தை இகழ்வார் அத்திருநாமத்துக்கு யாது பொருள் கூறுவர்? அருணந்தி சிவாசாரியரும் சித்தியாரிலே, மருத்துவன் நோய்க்கேற்ப ஒருவனை அறுத்தும் ஒருவனுக்கு இனியன கொடுத்தும் தீர்க்கும் முறையை எடுத்துக்காட்டி, அதனால் இறைவனது அருட்செயலை விளக்கினர். இறைவன் செயலுக்கே உவமையாகும் தகுதி பெற்ற தொழிலை நம்மவர் தள்ளுதல் நூல்நெறியன்று.

மனவுறுதி வேண்டாவென்பது எம் கருத்தன்று. அஃது எதனைக் கருவியாகக் கொண்டு நிகழும் என்பதே வினா. ஆணவத்தான் மறைப்புண்ட ஆன்மா, கலை முதலிய தத்துவங்களும் மனம் புத்தி அகங்காரம் சித்தம் என்னும் அந்தக்கரணங்களும் துணைசெய்தவழியே அறிந்தும் விழைந்தும் தொழில் செய்தும் வரும் என்பது சித்தாந்தம். சன்னிப்பட்டானுக்கு அக்கருவிகள் நிலைகுலைந்து கிடக்கின்றன. கருவி குலைந்தானை "உறுதி கொள்க" என்றல், கண்மூடிக் கட்டப்பட்டானை "உற்று நோக்குக" என்றலையொக்கும். முதலிற் கட்டை அவிழ்ப்பாம். நோக்குதல் பின்னர் நிகழும். உடம்பை முன்னர் இழிவென்று எண்ணிப் பின்னர் அதனுள் உத்தமன் கோயில் கொண்டமை கண்டு பேணியதாகத் திருமூலர் கூறியதும் இக்கருத்துப்பற்றியே ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இனி இரண்டாம் மொழியை ஆராய்வாம். குடித்தல் வினைப்பயனே எனின், அவன் துன்புறும்பொழுது உதவும் ஆற்றலோடு நாம் அவனருகே நிற்பதும் வினைவழியும் இறைவன் ஆணைவழியும் வந்ததேயன்றோ? அவன் வினையைக் காணும் கண் நம் கடமையைக் காணாதொழிவானேன்? தீப்பற்றிய வீட்டின் முன் நின்று "இஃது இவர் வினை" என்று எவனும் கைகட்டி நிற்பதில்லை. கொடிமாடச்செங்குன்றூரில் குளிர்சுரம் அடியார்களைப் பற்றி வருத்தியபொழுது ஆளுடைய பிள்ளையார் செய்தது யாது? வினையை எடுத்துப் பேசிக்கொண்டே உய்யும் வழியை நாடாதிருத்தல் குறைபாடென்று இடித்துரைத்துத் திருநீலகண்டத் திருப்பதிகம் அருளிச்செய்து, அவ்வடியார்களை அச்சுரத்தினின்றும் காத்தனர். வினைக்கொள்கையைச் சோம்பலுக்கு மறைப்பாக்குவார் அப்பதிகத்தை ஒருமுறை பொருளுணர்ந்து ஓதுவாராக.

குடியை நோயென்று கூறின் பாவமென்பது இல்லையாய்விடுமே என்று அஞ்சுவாரும் உளர். அவ்வச்சம் வேண்டா. நோய்தானும் வினையின் பயனாக வருவதென்றன்றோ நாம் கொண்டோம்? பாவமென்பதனால் நோயாதல் நீங்காது. நோயென்பதனாற் பாவமாதலும் நீங்காது. களவு செய்யப் போந்து மதிலினின்றும் வீழ்ந்து கால்முறிந்தானுக்கும் எலும்பைக் கட்டத்தான் வேண்டும்.

மூன்றாம் மொழியே மிகக் கொடியது. சூள் தவறினானைத் தள்ளுக என்பார், மலத்தின் இயல்பை அறியாதார். பாசி மூடிய குளத்திற் கல்லெறிந்தால் எறிந்த பொழுது பாசி விலகிப் பின்னர் மீண்டும் வந்து மூடும் என்னும் உவமையைச் சித்தியாரிற் படித்திலரோ? பெருங்காயம் இருந்த கலம், காயம் ஒழிந்தபின்னும் மணம் ஒழியாதவாறுபோல, மலம் நீங்கிய பின்னும் வாசனை தாக்குமென்று சீவன்முத்தர்மாட்டும் கூறிய நூல்கள், நேற்றுக் குடத்தைக் கவிழ்த்தவன்மாட்டு வாசனையே இல்லையென்று கூறுமோ? மருத்துவரும் இதற்கு இசையவே கூறுகின்றனர். உடம்பின் கொந்தளிப்பு ஒரு கிழமையில் அடங்கும். உறக்கக்குறைவும், மனச்சோர்வும், காரணமின்றி எழும் சினமும் பல கிழமை நிற்கும். கூலி வாங்கும் நாளும், அந்தி மயங்கும் பொழுதும், பழைய தோழன் குரலும், பழைய தெருவின் திருப்பமும் வேட்கையை எழுப்பும். மீண்டும் வீழ்வோருட் பெரும்பாலோர் முதல் மூன்று திங்களுக்குள்ளேயே வீழ்கின்றனர். ஆகவே அம்மூன்று திங்களும் நாம் அவனை நெருங்கி நிற்கற்பாலன. நாமோ சூளுரைத்த நாளில் மாலையிட்டுப் போற்றி, மறுநாள் முதல் அவன் வீட்டை எட்டிப் பாராது, வீழ்ந்தான் என்று கேட்டவுடன் திரண்டு சென்று இகழ்கின்றோம்.

இதனோடு மற்றொன்றும் அறியற்பாலது. பன்முறை நிறுத்திப் பன்முறை தொடங்கினார்க்கு ஒவ்வொரு முறையும் நிறுத்துங்காலத்து வரும் துன்பம் வலுத்துக்கொண்டே செல்லுதல் உண்டு. மாலையணிந்து ஒரு மண்டலம் குடியாதிருந்து, மாலை கழற்றியவுடன் கடைக்குச் செல்வாரை ஆண்டுதோறும் காண்கின்றோம். முன்னாண்டு யாதும் நேர்ந்திலதென்று இவ்வாண்டும் அஞ்சாது நிறுத்துவார்க்கு இவ்வாண்டு வலிப்பு வருதல் கூடும். அம்மண்டலம் முழுதும் அவர் குடியாதிருந்ததற்கு ஏது யாது? உடன் நோற்பார் குழாமும், விடியல் நீராட்டும், மாலை வழிபாடும், ஊரார் 'சாமி' என்றழைக்கும் மதிப்புமாம். மண்டலம் முடிந்த அன்றே அவ்வனைத்தையும் அவரிடமிருந்து பறித்துக்கொள்கின்றோம். பின்னர் அவருக்கு மனவுறுதியில்லை என்கின்றோம்! ஆன்மா சார்ந்ததன் வண்ணமாம் என்பதை மேடையில் மணிக்கணக்காக விரித்துரைப்பார், ஒருவனுக்கு நல்ல சார்பைக் கொடாது வண்ணம் மட்டும் மாறவேண்டுமென்று எதிர்பார்ப்பது வியப்பன்றோ?

மதுரையில் மாபாதகந் தீர்த்த திருவிளையாடலை நினைமின். நாவாற் சொல்லொணாத பாதகத்தைச் செய்து எத்தீர்த்தமும் ஏலாதொழிந்தானை ஆலவாய்ப்பெருமான் தள்ளினாரல்லர். அவனுக்கு அருளிய வழியும் ஒருநாட் சூளன்று. நாடோறும் நீராடலும், திருக்கோயிலை வலம்வருதலும், பசுக்களுக்குப் புல்லிடலும் ஆகிய தொண்டுகளாம். நாள்தோறும் செய்யப்படுவது நாள்தோறும் எழும் வாசனையை மாற்றும். அஃதன்றியும், திலகவதியம்மையார் வரலாற்றை நோக்குமின். தம்மை நீங்கிப் பிறசமயம் புக்க தம்பியார் நோயோடு இரவில் வந்து அடியில் வீழ்ந்தபொழுது, "முன்னரே சொன்னேனன்றோ" என்று அம்மையார் இடித்தாரல்லர். எடுத்து, நீறளித்து, விடியுமுன் தாமே திருவதிகை வீரட்டானத்துக்கு உடனழைத்துச் சென்றனர். அன்று அவர் வாயிலை அடைத்திருப்பின், திருநாவுக்கரசரை நாம் பெற்றிருப்பேமோ? வாயிலில் வந்து நிற்பவன் யாவனாவான் என்பதை அடைப்பவன் அறியான்.

இங்ஙனம் மருத்துவத்தை வற்புறுத்தக் கண்டு, "எல்லாம் மருந்தால் முடியும், கோயிலும் கூட்டமும் எற்றுக்கு?" என்று மறுதலையாகச் சாய்வார்க்கும் ஒன்று கூறுவாம். மருந்து முதற்கிழமையைக் கடத்தும். வேட்கையைத் தணிக்கும் மருந்துகளும் சில உள. ஆயினும் மாலைப்பொழுதில் அவன் யாரோடு இருப்பான் என்பதற்கு மருந்துச்சீட்டில் விடையில்லை. 1935இல் அமெரிக்காவில் ஆக்ரன் நகரில், குடியால் அழிந்துகொண்டிருந்த இருவர் சந்தித்து, ஒருவரையொருவர் தாங்கினாலன்றி நிற்கலாகாதென்று கண்டு ஒரு கூட்டத்தைத் தொடங்கினர். பெயர் வெளியிடாக் குடிநோயர் சங்கமாக அது இன்று பல நாடுகளிற் பரந்துளது. தன்வலியொன்றால் இயலாதென்று உணர்தலை முதற்படியாகவும், தன்னின் மேலானதொரு பொருளிடம் ஒப்புவித்தலை அதன்பின் வரும் படியாகவும் அக்கூட்டத்தார் வைத்தனர். மலக்கழுவலையும், அன்பரோடு மருவுதலையும், திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுதலையும் ஒருங்கே வைத்த பன்னிரண்டாஞ் சூத்திரம் நம்மிடம் பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் உளது. அதனைப் பாராயணம் செய்கின்றோம். பக்கத்து வீட்டானுக்குப் பயன்படுத்துகின்றிலேம்.

ஆகலின் சைவசபைகளும் திருக்கோயிற் றொண்டர்களும் பின்வருவனவற்றைக் கைக்கொள்வாராக. சூளுரைக்க வந்தானை முதலில், நாடோறும் எவ்வளவு உண்பான், விடியலிற் கை நடுங்குமோ, முன்னர் வலிப்பு வந்ததுண்டோ என மூன்றும் வினவுக. ஐயமுளதாயின் சூளுரையைத் தள்ளிவைத்து, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ இதற்கென அமைந்த மருத்துவமனைக்கோ உடன் அழைத்துச் செல்க. மருத்துவரைக் காணுமுன் திடீரென நிறுத்தென்று வற்புறுத்தற்க. சென்னையில், தம் கணவரை இப்பழக்கத்தால் இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் தொடங்கிய மருத்துவமனை போல்வன இப்பணிக்கென்றே உள. முதல் நான்கு இரவும் அவன் தனித்திருத்தல் கூடாது. தொண்டர் முறைவைத்து உடனிருக்க. வலிப்போ, பிதற்றலோ, உருவெளித் தோற்றமோ காணின் வேப்பிலையைத் தேடாது வண்டியைத் தேடுக. அக்காலத்து உபவாசம் விதிக்கற்க, உண்பிக்க. அவனறியாது சோற்றிற் கலந்து கொடுக்க மருந்து உளதென்று விற்பாரை நம்பற்க. டைசல்பிரம் போன்ற மருந்து உடம்பிலிருக்க அறியாது குடிப்பவனுக்குக் குருதியழுத்தம் வீழ்ந்து உயிர்க்கே இறுதி வருதல் கூடும். அரிட்டம் ஆசவம் என்னும் மருந்துகளில் புளிப்பேற்றத்தால் மதுச்சத்து இயல்பாகவே உண்டாதலின், விடுத்தவன் அவற்றை விலக்குக.

உடம்பு தேறியபின் சூளுரைப்பிக்க. அதன்பின் அவன் குடித்துவந்த அந்திப்பொழுதையே சாயரட்சைக்கு உரியதாக்குக. அவன் கையில் ஒரு தொண்டைக் கொடுக்க: நந்தவனத்துக்கு நீரிறைத்தலாயினும், திருவலகிடலாயினும், மாலைகட்டலாயினும் ஆகுக. ஒருநாள் வாராதொழியின் மறுநாட் காலையில் அவன் வீடு செல்க. வினவுதற்கன்று, உடனழைத்து வருதற்கு. வீழ்ந்தானாயின் மீண்டும் மருத்துவனிடமும் மீண்டும் திருமுன்னும் அழைத்து வருக. எத்தனை முறை எனின், இறைவன் நம்மை எத்தனை பிறவியிற் பொறுத்தனன் என்று எண்ணி விடை கண்டுகொள்க.

நம்மவருட் பலர் இதனைப் படித்து, "இவை மருத்துவர் செய்கை, சித்தாந்த இதழில் இவை எற்றுக்கு?" என்பர். சித்தாந்தம் பாசநீக்கத்தைக் கூறும் நூலாயின், ஒருவன் தன் கைந்நடுக்கத்தோடு ஒரு பாசத்தை நீக்க முயலும் அவ்விரவில் அவனருகே இருப்பதும் அந்நூலின் உரையேயாம். எம்மூரில் அத்தச்சர் இழைத்த மரக்கதவு ஒன்று இன்றும் திருக்கோயில் மடைப்பள்ளியில் உளது. அதனைத் திறக்குந்தோறும், அன்றிரவு வினவவந்த அம்மையார்க்கு யான் சொல்லியிருக்க வேண்டிய விடை நினைவுக்கு வருகின்றது: "அம்மா, வண்டி கொணர்விக்கின்றேன், இப்பொழுதே மருத்துவரிடம் போவோம், நானும் உடன்வருகின்றேன்." இனி எவ்வூரிலேனும் ஓரம்மையார் அவ்வாறு வந்து வினவுவாராயின், அன்பர்காள், அவ்விடையை நீவிர் தாழாது கூறுமின்.

திருச்சிற்றம்பலம்